காலணாவில் 9-க்குப் பக்கத்தில் இன்னொரு 9

குடியாத்தம் சுருக்குப்பை:
ஆயாவோட சுருக்குப்பையில 12 காசு இருந்துது. அதுல ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட காலணா ஒன்னு, 1919. கடைசி 9-ஐ ஒட்டி வலப்பக்கம் நிழல் மாதிரி இன்னொரு 9. வருஷத்தை ரெண்டு தடவை குத்தின காசு, நல்ல விலை போகும்னு வேலூர்ல ஒருத்தர் சொல்றார். நம்பலாமா?

லேத்துப்பட்டறை:
விலையை விடு தம்பி, முதல்ல அது ரெண்டு தடவை குத்தினதா, காசு அடிக்கிற அச்சு ஆடினதான்னு பாரு. நான் ராணிப்பேட்டையில பட்டறை வச்சிருக்கேன். நம்பர் பஞ்ச்சை, அதாவது எண்ணைப் பொறிக்கிற உளியை, ஒரே அடியில இறக்கணும். சரியா பதியலன்னு மறுபடி வச்சு அடிச்சா, மயிரிழை நகர்ந்தாலும் ரெண்டு கோடு விழுந்துடும். எண்ணைக் கையால குத்தின பழைய காசு அச்சுலயும் இதே கதைதான். காசு அடிக்கிறப்ப அச்சுல இருக்கிற அந்தக் குழிக்குள்ள உலோகம் ஏறி நிக்கிறதால, ரெண்டாவது 9-உம் காசுல மேடா, வளைவு மாறாம இருக்கும். அதே அச்சுல அடிச்ச இன்னொரு காசு கிடைச்சா அதுலயும் அதே இடத்துல பார்க்கலாம்.

ஆட்டம் வேற. அச்சு தளர்ந்திருந்தா, அடி விழுந்த கையோட எண்ணோட ஓரத்தை வழிச்சுடும். அங்க படிக்கட்டு மாதிரி தட்டையா தெரியும், எண்ணும் ஒல்லியாயிடும். இது நிறைய காசுல உண்டு, யாரும் கூடக் கொடுக்கமாட்டாங்க. 10 மடங்கு லென்ஸ் வாங்கு, விளக்கைப் பக்கவாட்டுல வச்சுக் காசை மெல்லத் திருப்பு. மொபைல் ஃபிளாஷ் வேணாம், அதுல எல்லாமே ரெட்டையாத்தான் தெரியும்.

செம்புப்பித்து:
அண்ணன் சொன்னதுதான். நிஜமா குத்தினது எப்படியிருக்கும்னு பார்க்கணும்னா பிரிட்டனோட 1865 பென்னி படத்தைத் தேடுங்க. சிலதுல 5-க்கு அடியில பழைய 3 எட்டிப் பார்க்கும். 1911 ரூபாய்ல ராஜா அங்கியில யானை பன்னி மாதிரி தெரியுதே, அதைக் கொண்டுவந்து இதோட சேர்க்காதீங்க, செதுக்கினதே அப்படி. அப்புறம், காசைப் புளி போட்டுத் தேய்ச்சுடாதீங்க.

குடியாத்தம் சுருக்குப்பை:
ராத்திரி பார்த்தேன் அண்ணே. தட்டைதான், 9 ஒரு பக்கம் ஒல்லி. புளி விஷயத்தை நீங்க போன பொங்கலுக்கே சொல்லியிருக்கணும். ஆயா 12-ஐயும் பளபளன்னு ஆக்கி வச்சிருக்குது.