பிள்ளைகளோடு லாஸ் வேகாஸ்: எங்கே தங்குவது, பகலில் என்ன செய்வது?

வெயில்பூ:
ஜூலை கடைசியில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து காரில் போகிறோம். நான், கணவர், 6 வயதிலும் 11 வயதிலும் பிள்ளைகள், கூடவே மாமியார். வெள்ளி இரவு போய் ஞாயிறு திரும்புவதாகத் திட்டம். சூதாட யாருக்கும் ஆசை இல்லை. பெரிய ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் சாலையிலேயே அறை போட்டால் எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம் என்கிறார் கணவர், மாமியாருக்கோ முழங்கால் வலி. பிள்ளைகளைக் கேசினோவுக்குள் விடுவார்களா? வாடகைக்கு மேல் கேட்கிற ரிசார்ட் ஃபீ கட்டாயமா? போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

மணல்வீடு:
நெவாடா சட்டப்படி 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கேசினோ தளத்தைக் கடந்து போகலாம், நிற்கக் கூடாது. உங்கள் சின்னது ஒரு ஸ்லாட் மெஷின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றால் காவலாளி வந்து நகரச் சொல்வார், அவ்வளவுதான், பயப்பட வேண்டாம். எனக்கு அதைவிடப் பெரிய தொல்லை சிகரெட் புகை. அங்கே கேசினோவுக்குள் புகைக்க அனுமதி உண்டு, பல ஹோட்டல்களில் லிஃப்டிலிருந்து வாசலுக்குப் போக அதன் நடுவேதான் வழி. அதனால் கேசினோவே இல்லாத விடாரா, அல்லது புகைக்கத் தடை உள்ள பார்க் எம்ஜிஎம், இந்த இரண்டில் ஒன்றைப் பாருங்கள். விடாராவிலிருந்து பெலாஜியோ ஹோட்டலுக்கு நடைபாதை இருக்கிறது, மாமியாருக்குச் சௌகரியம்.

ரிசார்ட் ஃபீ வசூலிக்கும் ஹோட்டலில் அது கட்டாயம்தான், அறைக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று. 2025 மே முதல் அதையும் சேர்த்தே வாடகையைக் காட்ட வேண்டும் என்று மத்திய அரசின் விதி வந்துவிட்டது. பார்க்கிங் பெரும்பாலும் தனி. அப்புறம், சில ஹோட்டல்களில் மினிபாரில் சென்சார் இருக்கும், சாக்லேட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாலும் பில்லில் ஏறிவிடலாம். அறைக்குள் நுழைந்ததும் பிள்ளைகளிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

காற்றாடி77:
கணவரிடம் நடக்கிற யோசனையை விடச் சொல்லுங்கள். கட்டடங்கள் பிரம்மாண்டமாக இருப்பதால் அடுத்த ஹோட்டல் பக்கத்தில் இருப்பது மாதிரி தெரியும், நடந்துகொண்டே இருப்பீர்கள். ஸ்ட்ரிப் 4 மைலுக்கு மேல், ரோட்டைக் கடக்கப் பல இடங்களில் மேம்பாலம் ஏற வேண்டும். ஜூலை பகலில் 40 டிகிரிக்கு மேல் சர்வசாதாரணம், 2024 ஜூலை 7 அன்று 120 ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட 49 டிகிரி தொட்டது. மோனோரயிலும் கிழக்குப் பக்க ஹோட்டல்களுக்குப் பின்னால்தான் ஓடுகிறது, ஸ்டேஷனுக்கே தனி நடை. டியூஸ் பஸ் தெருவிலேயே நிற்கும், அதில் போங்கள்.

பகலில் சர்க்கஸ் சர்க்கஸ் ஹோட்டலின் அட்வெஞ்சர்டோம், முழுக்கக் கூரைக்குள் ஏசியில் இருக்கும் ராட்டினங்கள். இருட்டியதும் பெலாஜியோ நீரூற்று, இலவசம். மிராஜ் ஹோட்டல் முன்னால் இருந்த செயற்கை எரிமலையை இன்னும் பழைய பட்டியல்கள் சொல்லிக்கொண்டிருக்கின்றன, 2024இல் அந்த ஹோட்டலையே மூடிவிட்டார்கள்.

தார்ச்சாலை:
ஒரு காலையாவது ஊரைவிட்டு வெளியே வாருங்கள் என்பேன். ஹூவர் அணை காரில் முக்கால் மணி நேரம், 726 அடி உயரம், மேலே காரிலேயே போகலாம். அணை இரண்டு மாநில எல்லையில் இருப்பதால், தண்ணீருக்குள் நிற்கும் கோபுரங்களில் நெவாடா நேரத்துக்கு ஒரு கடிகாரம், அரிசோனா நேரத்துக்கு ஒரு கடிகாரம். ஆனால் அரிசோனாவில் கோடைக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, ஆகவே ஜூலையில் இரண்டும் ஒரே மணிதான் காட்டும். ஏன் என்று பெரியவனிடமே கேளுங்கள், கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருப்பான். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு வேண்டாம், ஒரு வழிக்கே நாலரை மணி நேரம்.

ஞாயிறு மதியம் கிளம்பினால் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போகும் ஐ-15 நெடுஞ்சாலையில், கலிஃபோர்னியா எல்லையில் உள்ள பிரிம் அருகே நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள்.

வெயில்பூ:
பெரியவன் இல்லை, பெரியவள் :) ரொம்ப நன்றி. ஞாயிறு போய் செவ்வாய் திரும்பினால்?

தார்ச்சாலை:
தாராளமாக. எதிர்ப்பக்கம் நெரிசல், உங்கள் பக்கம் காலி, வாடகையும் வார இறுதியைவிடப் பெரும்பாலும் குறைவு. ஏதாவது மாநாடு நடக்கிறதா என்று மட்டும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், நடந்தால் வார நாளிலும் விலை எகிறிவிடும்.