பிரிட்டன் திறன்பணி விசா: தமிழ்வழியில் படித்த பொறியாளர் ஆங்கிலத் தகுதியை எப்படி நிறுவுவது?

கேள்வி – கப்பலூர் பொறியாளர்

அனைவருக்கும் வணக்கம். நான் உசிலம்பட்டி அருகே அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தேன். பின்னர் அண்ணா பல்கலைக்கழக இணைவு பெற்ற கல்லூரி ஒன்றில் இயந்திரவியலில் பி.இ. முடித்து, எட்டு ஆண்டுகளாகக் கப்பலூர் தொழிற்பேட்டையில் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இங்கிலாந்து நிறுவனம் ஒன்று நேர்காணலை முடித்துவிட்டு, ஸ்பான்சர்ஷிப் சான்று (விசாவுக்காக வேலை தரும் நிறுவனம் வழங்குவது) தருவதற்கு முன்பாக ஆங்கிலம் பி2 நிலையில் (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் பி1-க்கு அடுத்த மேல்நிலை) இருப்பதற்கான ஆதாரத்தைக் காட்டும்படி எழுதியிருக்கிறது.

என் கையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று, "பயிற்று மொழி ஆங்கிலம்" என்று கல்லூரி கொடுத்த போனஃபைடு சான்றிதழ். மற்றொன்று, 2025 ஆகஸ்டில் எழுதிய ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண் தாள்: கேட்டல் 6.5, வாசிப்பு 6, எழுத்து 5, பேச்சு 6, மொத்தம் 6. இவற்றில் ஏதேனும் ஒன்று போதுமா? நகரிலுள்ள ஆலோசனை மையம் ஒன்றில் விசாரித்தபோது, இரண்டும் செல்லாது என்று சொல்லிவிட்டு, இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தால் தேர்வு எழுதாமலேயே சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டிலோ, வந்த வாய்ப்பு கைநழுவிவிடுமோ என்று கவலைப்படுகிறார்கள். இவ்வழியில் சென்றவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 – பழங்காநத்தத்திலிருந்து பர்மிங்ஹாம்

வணக்கம் தம்பி. முதலில் அந்த மையத்தின் பக்கம் இனிப் போகாதீர்கள். பிரிட்டன் குடிவரவு விதிகளின்படி, விண்ணப்பத்தில் ஏமாற்று வேலை செய்ததாகத் தீர்மானித்தால் அந்த விசா மறுக்கப்படுவதோடு பத்து ஆண்டுகள்வரை அந்நாட்டுக்குள் நுழையத் தடையும் விழலாம். 2014 பிப்ரவரியில் டோயிக் என்னும் ஆங்கிலத் தேர்வில் நடந்த ஆள்மாறாட்டத்தைப் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி வெளிக்கொண்டு வந்தபோது, ஆயிரக்கணக்கானோரின் விசாக்கள் ரத்தாயின. தாங்கள் தவறு செய்யவில்லை என்று நிறுவுவதற்காகவே பலர் ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஆங்கிலச் சான்று விஷயத்தில் அவர்கள் எதையும் மேலோட்டமாகப் பார்த்து விட்டுவிடுவதில்லை.

இரண்டும் அப்படியே செல்லாது என்று அந்த மையம் சொன்னது மட்டும் உண்மை. உங்கள் ஐ.இ.எல்.டி.எஸ். சாதாரணத் தேர்வு. இந்த விசாவுக்கு, பிரிட்டன் உள்துறை ஏற்றுக்கொண்ட மையத்தில் "ஐ.இ.எல்.டி.எஸ். ஃபார் யு.கே.வி.ஐ." (யு.கே.வி.ஐ. என்பது அந்நாட்டின் விசா, குடிவரவுப் பிரிவு) என்ற பெயரில் நடக்கும் தேர்வையோ, ஒப்புதல் பெற்ற மற்றத் தேர்வுகளில் ஒன்றையோ எழுத வேண்டும். வினாத்தாள் அமைப்பும் மதிப்பெண் முறையும் ஒன்றேதான் என்றாலும், பதிவுசெய்யும்போது பெயரில் உள்ள இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பணத்தை இழந்த நண்பர்கள் எனக்கு உண்டு. அடுத்து, 2026 ஜனவரி 8 முதல் புதிதாகத் திறன்பணி விசாவுக்கு விண்ணப்பிப்பவர்களுக்குத் தேவையான நிலை பி1-இலிருந்து பி2-ஆக உயர்ந்துவிட்டது. ஐ.இ.எல்.டி.எஸ். கணக்கில் நான்கு பிரிவுகளிலும் தனித்தனியே 5.5 எடுக்க வேண்டும். மொத்த மதிப்பெண்ணை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே நீங்கள் சரியான தேர்வையே எழுதியிருந்தாலும், எழுத்தில் வாங்கிய 5 உங்களைத் தடுத்திருக்கும்.

ஆனால் உங்களுக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது; நான் வந்தது அந்த வழியில்தான். ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்ட பட்டம் இருந்தால், முன்பு யு.கே. நாரிக் என்று அழைக்கப்பட்ட எக்டிஸ் என்னும் அமைப்பு, அந்தப் பட்டம் பிரிட்டனின் இளநிலைப் பட்டத்துக்கு இணையானது என்றும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது என்றும் உறுதிசெய்து அறிக்கை தரும். அதன் குறிப்பு எண்ணை விசா விண்ணப்பத்தில் சேர்த்தால் தேர்வே தேவையில்லை. பள்ளியில் தமிழ்வழியில் படித்தது இதற்குத் தடையே அல்ல. அங்கே பட்டத்தின் பயிற்று மொழியைத்தான் பார்ப்பார்கள். கல்லூரிக் கடிதம் மட்டும் தனியாகப் போனால் நிற்காது, எக்டிஸ் வழியாகத்தான் அதற்கு மதிப்பு வரும்.

கடிதத்தின் வாசகத்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியிலும் நடத்திவருவதால், உங்கள் துறையில் இந்தக் கேள்வி எழ இடம் உண்டு. உங்கள் பெயர், பட்டத்தின் முழுப் பெயர், பட்டம் பெற்ற நாள், பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது என்ற தெளிவான வாக்கியம் ஆகிய நான்கும் கல்லூரியின் பெயர் அச்சிட்ட தாளில் (லெட்டர்ஹெட்) கையொப்பத்துடனும் முத்திரையுடனும் இருக்க வேண்டும். முதலில் என் கல்லூரி கொடுத்த கடிதத்தில் "இம்மாணவர் இங்கு பயின்றார், நன்னடத்தை உடையவர்" என்பதற்குமேல் எதுவும் இல்லை. திருத்தி வாங்குவதற்கு மூன்று முறை நடந்தேன்.

பதில் 2 – ஆங்கில ஆசிரியை, கே.கே. நகர்

நான் பதினைந்து ஆண்டுகளாக இத்தேர்வுகளுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். மேலே சொல்லப்பட்டவை சரியானவை. எக்டிஸ் வழியை முதலில் முயலுங்கள். இருந்தாலும் தேர்வுக்கும் சேர்த்தே தயாராகுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் ஸ்பான்சர்ஷிப் சான்று ஒதுக்கப்பட்ட பிறகு மூன்று மாதங்களுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தாள் தாமதமானால் அந்தக் காலம் கரைந்துவிடும். தேர்வு முடிவு இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால் உழைப்பு வீணாகாது.

உங்கள் மதிப்பெண்களைப் பார்த்தால் மொழி அறிவு போதிய அளவு இருப்பது தெரிகிறது; எழுத்தில் மட்டும் அரை மதிப்பெண் குறைகிறது. இந்த விசாவுக்கு யு.கே.வி.ஐ. தேர்வில் அகாடமிக், ஜெனரல் டிரெயினிங் ஆகிய இரண்டில் எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்வார்கள். எழுத்தின் முதல் பகுதி அகாடமிக்கில் வரைபடத்தை விவரிப்பது, ஜெனரலில் கடிதம் எழுதுவது. வாடிக்கையாளர்களுக்குத் தினமும் மின்னஞ்சல் எழுதும் உங்களுக்குக் கடிதம் கைவந்த கலையாக இருக்கும். ஆனால் ஜெனரல் வாசிப்பில் அதே மதிப்பெண்ணைப் பெறக் கூடுதலான விடைகள் சரியாக இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

எழுத்தில் நம் ஊர் மாணவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் சொல்வளம் அன்று, வாக்கிய அமைப்பு. தமிழில் "வந்து, பார்த்து, பேசி, முடித்து" என்று வினையெச்சங்களைக் கோத்து எத்தனை நீளமாகச் சொன்னாலும் வாக்கியம் நிற்கும். அதையே ஆங்கிலத்தில் "அண்டு" போட்டுக் கோக்கும்போது இலக்கணம் குலைந்துபோகிறது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு கருத்து என்று இருபது நாள்கள் எழுதிப் பழகுங்கள். "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்பது போல எல்லா வினையையும் தொடர்நிகழ்காலத்தில் எழுதும் பழக்கத்தையும் "எ", "தி" இரண்டையும் விட்டுவிடும் பழக்கத்தையும் குறித்துவைத்துத் திருத்துங்கள். தமிழில் "எ", "தி" இரண்டுக்கும் நேர் இணை இல்லாததால் அவை கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. எழுத்துக்கு ஒரு மணி நேரம். முதல் பகுதிக்கு 150 சொற்கள், இரண்டாம் பகுதிக்கு 250 சொற்கள். இரண்டாம் பகுதிக்கு மதிப்பு இரு மடங்கு என்பதால் நாற்பது நிமிடங்களை அதற்கு ஒதுக்குங்கள். மதுரைத் தமிழின் சாயல் பேச்சில் இருப்பதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. சொல் தெளிவாகக் கேட்க வேண்டும், அவ்வளவே.

தேர்வைச் சென்னையில் எழுதுவதாக இருந்தால் முந்தைய நாளே வைகை எக்ஸ்பிரஸில் போய்த் தங்கிவிடுங்கள். இரவு பாண்டியனில் தூக்கம் கெட்டு, எழும்பூரில் இறங்கிய கையோடு கேட்டல் பகுதிக்கு உட்கார்ந்து மதிப்பெண்ணை இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கப்பலூர் பொறியாளர்

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மிக்க நன்றி. பயிற்று மொழிக் கடிதத்துக்காகப் பல்கலைக்கழகத்துக்கு இன்றே விண்ணப்பித்துவிட்டேன். இரண்டு ஐயங்கள் மட்டும் உள்ளன. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுமையாக இருக்கிறது, பட்டச் சான்றிதழிலோ தலைப்பெழுத்து மட்டும்தான் இருக்கிறது. இதனால் சிக்கல் வருமா? என் மனைவி செவிலியர். பின்னாளில் அவரும் தனியாக விண்ணப்பித்தால் அவருக்கும் இதே விதிதானா?

பதில் 3 – பழங்காநத்தத்திலிருந்து பர்மிங்ஹாம்

தலைப்பெழுத்துச் சிக்கல் நம்மவர் பெரும்பாலோருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. பாஸ்போர்ட் நகலுடன், அப்பாவின் பெயர் முழுமையாக உள்ள பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் சேர்த்து, இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிப்பதாக நான்கு வரியில் விளக்கம் எழுதி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். தேர்வுக்குப் பதிவுசெய்வதாக இருந்தால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் பெயரைப் போடுங்கள். தேர்வு நாளில் அதே பாஸ்போர்ட்டைத்தான் காட்ட வேண்டும்.

செவிலியர்களுக்கான பாதை வேறு. அவர்கள் முதலில் பிரிட்டனின் செவிலியர் பதிவு மன்றமான என்.எம்.சி.யின் ஆங்கிலத் தகுதியை நிறைவுசெய்ய வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் என்றால் கேட்டல், வாசிப்பு, பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. மருத்துவத் துறைக்கென்றே அமைந்த ஓ.இ.டி. தேர்வையும் எழுதலாம், வார்டில் பேசிப் பழகியவர்களுக்கு அது இயல்பாக அமையும். அந்தத் தகுதியை அடைந்துவிட்டால் விசாவுக்கென்று தனியாக ஓர் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியதில்லை.