இறக்கத்துல லோ ஏர் லைட்டும் பஸ்ஸரும் வருது, சுவிட்ச் மாத்தினா போதுமா?

பத்துவீல்:
2008 மாடல் பத்து வீல் லாரி. ஃபுல் ஏர் பிரேக், 24 வோல்ட், மேனுவல் ஸ்லாக் அட்ஜஸ்டர் (பிரேக் இடைவெளியைக் கையால சரி பண்ற லீவர்). காலையில ஸ்டார்ட் பண்ணி காத்து கேஜ் முள்ளு 5 பார் தாண்டினதும் சிவப்பு லைட் அணையுது, 8-ல காத்து ஏர்றது கட் ஆகுது. லோடோட தொப்பூர் இறக்கத்துல அஞ்சாறு தடவை மிதிச்சா பின் சர்க்யூட் (பின் வீல் பிரேக்குக்கான காத்து) முள்ளு மட்டும் மடமடன்னு 5-க்கு வந்து லைட், பஸ்ஸர் ரெண்டும் வருது. இது போக, குண்டும் குழியுமான ரோட்டுல ரெண்டு முள்ளும் 7-க்கு மேல நிக்கும்போதே ரெண்டு செகண்டு கத்தி அடங்குது. எலக்ட்ரீஷியன் லோ பிரஷர் சுவிட்சை மாத்தச் சொல்றார். அது போதுமா?

ஏர்டேங்க்:
அண்ணே, இது ரெண்டு தனித்தனி கோளாறு. இறக்கத்துல முள்ளே இறங்குதுன்னா சுவிட்ச் உண்மையத்தான் சொல்லுது. அதுக்கு சுவிட்ச் மாத்துறது வீண் செலவு.

முதல்ல பின் டேங்க் அடியில இருக்கிற டிரெய்ன் வால்வை இழுங்க. தண்ணி தேங்கினா காத்துக்கு இடம் குறையும். கேஜ் 8 காட்டும், ஆனா நாலு மிதியில தீர்ந்துடும். தண்ணியோட கருப்பா ஆயில் வந்தா கம்ப்ரஸர் ரிங் தேய்ஞ்சிருக்கு. ஏர் டிரையர் (காத்துல இருக்கிற ஈரத்தை எடுக்கிற பாகம்) இருக்கிற வண்டியில டேங்க்குக்குத் தண்ணி வந்தாலே கார்ட்ரிட்ஜ் முடிஞ்சதுன்னு அர்த்தம்.

அடுத்து லீக். சமதரையில வீலுக்குக் கட்டை போட்டு, 8 பார் ஏத்தி, இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை ரிலீஸ் பண்ணுங்க. பெடலை முழுசா மிதிச்சுப் பிடிங்க. மிதிச்சதும் இறங்குறது கணக்கில்லை. அதுக்கப்புறம் ஒரு நிமிஷத்துல 0.2 பாருக்கு மேல இறங்கினா லீக். சோப்புத் தண்ணியை ஃபுட் வால்வு (பெடலோட வால்வு) எக்ஸாஸ்ட்லயும் பின் சேம்பர் (காத்து வாங்கி பிரேக்கைத் தள்ளுற டப்பா) ஓட்டையிலயும் அடிங்க. மிதிக்கும்போது மட்டும் சேம்பர்ல குமிழி வந்தா உள்ள இருக்கிற ரப்பர் டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு. ஸ்பிரிங் பிரேக் சேம்பரைக் கேஜிங் போல்ட் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற போல்ட்) போடாம யாரும் கழட்டக் கூடாது. உள்ள இருக்கிற ஸ்பிரிங் ஆளைக் கொன்னுடும்.

சாணைக்கல்:
லீக் இல்லைன்னா என் சந்தேகம் ஸ்ட்ரோக் (மிதிச்சா சேம்பர்லேர்ந்து புஷ் ராடு வெளிய ஓடுற தூரம்) மேலதான். லைனிங் தேயத் தேய புஷ் ராடு நீளமா ஓடும், ஒவ்வொரு மிதிக்கும் கூடுதல் காத்து குடிக்கும். 6 பார் வச்சு, ஹேண்ட் பிரேக் ரிலீஸ்ல, சேம்பர் வாய்கிட்ட ராடுல சாக்பீஸ் கோடு போடுங்க. ஒருத்தர் மிதிக்கட்டும், கோடு எவ்வளவு நகருதுன்னு அளங்க. டைப் 30 (சேம்பரோட சைஸ் நம்பர்) சேம்பர்ல 2 அங்குலம், டைப் 24-ல 1¾ அங்குலம் தொட்டா அட்ஜஸ்ட் பண்ணியே ஆகணும். அட்ஜஸ்டரை லைனிங் டிரம்மைத் தொடுற வரைக்கும் இறுக்கி, கால் சுத்துலேர்ந்து அரை சுத்து வரை பின்னால விடுங்க. ஹேண்ட் பிரேக் போட்டபடியே இறுக்குறவங்க நிறைய பேர், அந்த அளவு சுத்தத் தப்பு. இறக்கத்துல கியரைக் குறைச்சு எக்ஸாஸ்ட் பிரேக்ல விடாம பெடலையே நம்பினா எந்த டேங்க்கும் தாங்காது.

வயரிங்கட்டு:
குழியில கத்துறது என் டிபார்ட்மென்ட். லோ பிரஷர் சுவிட்ச் காத்து இல்லாதப்ப பாடியோட எர்த் கொடுக்கும், பிரஷர் ஏறினா விட்டுடும். அதனால வயர் உரசி சேஸிஸைத் தொட்டாலும் லைட் எரியும். ஃபுல் காத்துல, கோளாறு தெரியும்போது, சுவிட்ச் வயரை ஒவ்வொண்ணா கழட்டுங்க. ஒண்ணைக் கழட்டினதும் அணைஞ்சா அந்த சுவிட்ச் கெட்டது. ரெண்டையும் கழட்டியும் எரிஞ்சா வயர்தான். கேபினுக்கு அடியிலயும் கிராஸ் மெம்பர் மேல லூம் (வயர்க் கட்டு) போற இடத்துலயும் தேடுங்க, இன்சுலேஷன் தேய்ஞ்சு செம்பு பளபளன்னு தெரியும். முடிஞ்சதும் வயரை மறக்காம மாட்டுங்க. பஸ்ஸர் தொல்லைன்னு கழட்டி விட்ட வண்டிகள் ரோட்டுல ஏகப்பட்டது ஓடுது. காத்தை முழுசா இறக்கி சாவி போட்டா லைட் எரியணும், எரியலைன்னா பல்போ, ஃபியூஸோ, வயரோ, சுவிட்சோ போயிருக்கு.

பத்துவீல்:
பின் டேங்க்ல ரெண்டு லிட்டர் போல தண்ணி வந்துச்சு, ஆயில் இல்லை. பின் இடது சேம்பர் டைப் 30, ஸ்ட்ரோக் 2¼ அங்குலம். நாளைக்கு லூமைப் பிரிச்சுப் பாத்துட்டு எழுதுறேன்.