பஞ்சாரத்தில் குஞ்சுகள் குறைகின்றன: பாம்பை அடிப்பதா, விடுவதா?

மேலூர்த்தோட்டம்:
வீட்டுக்குப் பின்னால் எட்டு சென்ட் இடம். கத்தரி, வெண்டை, ஓர் அவரைப் பந்தல், மூன்று முருங்கை. கூடவே பதினொரு நாட்டுக்கோழிகள். பன்னிரண்டு முட்டைகளை அவயத்துக்கு வைத்ததில் பத்துக் குஞ்சுகள் பொரித்தன. தாயையும் குஞ்சுகளையும் தினமும் இரவில் பஞ்சாரத்தால் கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியை வைக்கிறேன். அப்படியும் மூன்று இரவுகளில் நான்கு குஞ்சுகளைக் காணவில்லை. நேற்றுக் காலை ஏழரை மணிக்கு, ஆறடிக்குக் குறையாத ஒன்று பந்தலடியிலிருந்து எருக்குழிப் பக்கம் போனதைப் பார்த்தேன். மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், படம் எடுக்கவில்லை. அப்பா கம்போடு நிற்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் புற்றுக்குப் பால் ஊற்றுகிற என் மனைவியோ, பாம்பை அடித்தால் தாய்வீட்டுக்குப் போய்விடுவேன் என்கிறாள். பாம்பும் சாக வேண்டும், கம்பும் முறியக் கூடாது என்பார்கள். எனக்குப் பாம்பும் சாக வேண்டாம், குஞ்சும் போக வேண்டாம். வழி உண்டா?

வரப்போரம்:
நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது சாரை. விஷமில்லாதது, பகலில் இரை தேடுவது. உங்கள் குஞ்சுகள் போனதோ இரவில். சாரை குஞ்சைத் தின்னாது என்று சொல்ல மாட்டேன், கிடைத்தால் தின்னும். ஆனால் தீர்ப்புச் சொல்லும் முன் ஒன்றைப் பாருங்கள். பஞ்சாரத்தின் விளிம்புக்கு அடியில் மண் பறிக்கப்பட்டிருக்கிறதா? இறகோ ரத்தமோ சிந்திக் கிடக்கிறதா? பாம்பு முழுதாக விழுங்கும், ஒன்றையும் மிச்சம் வைக்காது. மண் பறிக்க அதற்குக் கையும் கிடையாது.

கண்மாய்க்கரை:
சாரை என்று எழுதிவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள் தம்பி. அந்த எருக்குழியில் நாளை கை வைக்கப் போவது அவர் வீட்டுப் பெண்கள். என் அண்ணன் 2016இல் கோழிக்கூட்டைச் சாத்தப் போனவர். அந்தி மங்கிய நேரம், காலில் செருப்பில்லை. குக்கர் சத்தம் மாதிரி ஏதோ கேட்டதாகச் சொன்னார், அதற்குள் கடித்துவிட்டது. கண்ணாடி விரியன். ஆஸ்பத்திரியில் அவர் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்திருந்தார்கள். பிறகு சாய்த்துப் பார்த்தபோது தண்ணீர் போல ஓடியது, உறையவே இல்லை. ஈறிலிருந்து ரத்தம். சிறுநீரகம் பழுதாகி நான்கு முறை டயாலிசிஸ் செய்தார்கள். உயிர் பிழைத்தார். இன்றைக்கும் அந்தக் கால் வீங்கும். ஆகவே எலியைத் தின்று விவசாயிக்கு உதவுகிறது என்ற பாடத்தை எனக்கு எடுக்காதீர்கள். சிறு பிள்ளைகள் இருக்கிற வீட்டுக் கொல்லையில் பாம்புக்கு இடமில்லை.

வரப்போரம்:
அக்கா, உங்கள் பயத்தை அறியாமை என்று நான் நினைக்கவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு 58,000 பேர் சராசரி. சின்னக் கணக்கில்லை. தமிழக அரசும் 2024இல் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிட்டது.

ஆனால் உங்கள் அண்ணனைக் கடித்த விரியன் அங்கே எதற்கு வந்திருக்கும்? கோழிக்கு இறைக்கும் குருணை ராத்திரியிலும் தரையில் கிடக்கும். அதற்கு எலி வரும், எலிக்குப் பின்னால் விரியன் வரும். எலி வளைக்குள்ளேயே புகுந்து பிடிப்பது சாரை. அதை அடித்துவிட்டால் எலி பெருகும், எலி பெருகினால் நீங்கள் பயப்படுகிற அதே விரியன்தான் வரும். தவிர, பாம்பை அடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எழுபதைத்தாண்டியவன்:
சாரை இருக்கிற இடத்தில் நல்ல பாம்பு கட்டாயம் இருக்கும். இரண்டும் பின்னிப் பிணைந்து ஆளுயரம் எழும்பி நின்றதை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேலியோரம் சிறியாநங்கை வையுங்கள், பூண்டை நசுக்கித் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள், இரண்டு கினிக்கோழி வாங்கி விடுங்கள். எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் சட்டம் பார்க்கவில்லை.

வரப்போரம்:
ஐயா, நீங்கள் பார்த்தது உண்மை. ஆனால் அவை இரண்டுமே ஆண் சாரைகள். யார் பெரியவன் என்று மல்லுக்கு நிற்பதைத்தான் ஊரெல்லாம் பிணையல் என்கிறது. கினிக்கோழி பாம்பைக் கண்டால் தெருவே எழும்படி கத்தும், அதை ஒப்புக்கொள்கிறேன். சிறியாநங்கைச் செடியடியிலேயே பாம்பு சுருண்டு படுத்திருந்ததை நானும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கண்மாய்க்கரை:
சட்டம் சொன்னீர்கள். சரி, அடிக்கவில்லை. பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுகிறோம். போன மழைக்காலத்தில் கூப்பிட்டோம். இரண்டு மணி நேரம் கழித்து வந்தார், பிடித்தார், வேடிக்கை பார்த்தவர்களோடு போட்டோ எடுத்துக்கொண்டார், சாக்கில் கட்டிக்கொண்டு போனார். எங்கே விட்டார் தெரியுமா? கண்மாய்க்கு அந்தப் பக்கம். அங்கே வீடுகள் இல்லையா? ஆடு மேய்க்கிறவர்கள் மனிதர்கள் இல்லையா? கடிபட்டவன் குடும்பத்தையும் கோழி வளர்க்கிறவர்களையும் திருத்தவே எல்லோரும் வருகிறீர்கள். பாம்பைக் காப்பாற்றுகிற செலவு மட்டும் எப்போதும் எங்கள் தலையில் விழுகிறது.

வரப்போரம்:
இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை அக்கா. பழக்கமில்லாத இடத்தில் விடப்பட்ட பாம்பு பொந்து தேடி அலையும், ஆள் கண்ணில் படும், அடிபடும் அல்லது கடிக்கும். நீங்கள் சொல்வது நியாயம். ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் அண்ணனுக்கு ஏற்றிய விஷமுறிவு மருந்து பாம்பிடமிருந்தே வருகிறது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிலும் விஷத்தை எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். மருந்தும் அந்த நான்குக்கும் சேர்த்துத்தான். அதனால் கடித்தது எது என்று தேடி அடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. அந்த நேரத்தில் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம்.

கூடுகட்டி:
நீங்கள் இருவரும் பாம்புக்காக வாதாடுகிறீர்கள், நான் வலையைப் பற்றி எழுதுகிறேன். கோழிவலை என்று கடையில் அறுகோணக் கண்ணுள்ள ஒன்றைத் தருவார்கள். அது கோழி வெளியே போகாமல் இருக்க, பாம்பு உள்ளே வராமல் இருக்க அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலை, கூட்டில் கோழிகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு முனகின. டார்ச் அடித்துப் பார்த்தால், நல்ல பாம்பின் தலையும் இரண்டு சாண் உடம்பும் வலைக்கு வெளியே, மீதி உள்ளே. வெறும் வயிற்றோடு நுழைந்த கண்ணில், இரண்டு முட்டைகளை விழுங்கிவிட்டுத் திரும்ப முடியவில்லை. இரண்டு முட்டைகளும் வயிற்றில் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தன. முன்னாலும் போக வழியில்லை, பின்னாலும் செதில் கம்பியில் மாட்டுகிறது. தீயணைப்பு வீரர்கள் வந்து, தலையை ஒரு குழாய்க்குள் விட்டுக்கொண்டு, கட்டிங் பிளேயரால் கம்பியை ஒவ்வொன்றாக வெட்டினார்கள். நடுவில் அது ஒரு முட்டையைக் கக்கியது. உடையாத முட்டை, கோழையில் பளபளத்தது. என் மகன் அதைத் திரும்ப அடையில் வைக்கலாமா என்று கேட்டான்.

அன்றைக்கே வெல்டட் மெஷ் வாங்கினேன், அரை அங்குலத்துக்கும் சிறிய கண். தரைக்குள் ஒரு அடி புதைத்திருக்கிறேன். நைலான் வலை மட்டும் எந்தக் காரணத்துக்கும் போடாதீர்கள். அதில் சிக்கிய பாம்பு சதை அறுந்து செத்துக் கிடக்கும், கோபத்தோடு உயிரோடும் கிடக்கும்.

மேலூர்த்தோட்டம்:
இரண்டு நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். வரப்போரம் கேட்டதைப் பார்த்துவிட்டுப் பஞ்சாரத்தை நகர்த்தினேன். விளிம்புக்கு அடியில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு மண் பறிக்கப்பட்டிருந்தது. குஞ்சுகளைத் தாயோடு சமையலறைக்கு மாற்றிவிட்டு, அடுப்புச் சாம்பலைச் சலித்துப் பஞ்சாரத்தைச் சுற்றித் தூவி வைத்தேன். காலையில் சாம்பலில் குட்டிக் கைத்தடங்கள், நடுவில் வால் இழுபட்ட கோடு. தடத்தைப் பின்பற்றிப் போனால் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் பெருச்சாளி வளை. வாயிலில் ஒரு குஞ்சின் கால், நகத்தோடு.

ஆக அப்பா கம்போடு காவல் நின்றது, அந்தப் பெருச்சாளியைப் பிடிக்க வந்ததற்கு எதிராக.

கண்மாய்க்கரை:
குஞ்சைத் தின்றது பெருச்சாளி என்றே வைத்துக்கொள்வோம். பெருச்சாளி வளையிலேயே பாம்பு குடியேறும், அதையும் நினைவில் வையுங்கள். தவிட்டு மூட்டையை மூடியுள்ள டிரம்மில் கொட்டுங்கள், விறகைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி அடுக்குங்கள். வளைக்குள் யாரும் கை விட வேண்டாம். சாரையை அடிக்க வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

மேலூர்த்தோட்டம்:
சரி அக்கா. அப்பா கம்பை உள்ளே வைக்க மறுக்கிறார். இருட்டில் கூடு சாத்தப் போகும்போது தரையைத் தட்டிக்கொண்டே போக வேண்டுமாம், செருப்பும் போட்டுக்கொள்கிறார். கூடுகட்டி அண்ணா, அந்த மெஷை இரண்டடி உயரத்துக்கு அடித்தால் போதுமா? கடையில் விலை கேட்டேன், தலை சுற்றுகிறது.

கூடுகட்டி:
போதாது தம்பி, சாரை மரமே ஏறும். கூரை வரைக்கும் அடியுங்கள். கதவுக்கு அடியில் இடைவெளி எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள், பாதிப்பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.