கேரேஜ் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒழுகுகிறது: ஒட்டுப் போடலாமா, பிரித்துவிடலாமா?

சாட்ஸ்வொர்த் பையன்: தாத்தா காலத்துக் கேரேஜ், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். போன வாரம் டர்பனில் அடித்த மழையில் கார் மேலேயே சொட்டியது. பிரஷர் வாஷரால் பாசியைக் கழுவிவிட்டு வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார் மாமா. சனிக்கிழமை வாஷரை வாடகைக்கு எடுக்கப் போகிறேன். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

மேரிபேங்க் அக்கா: தம்பி, அந்த வாஷரைத் தொடவே தொடாதே. மேலிருக்கும் சிமென்ட்தான் ஆஸ்பெஸ்டாஸ் நார்களைப் பிடித்து வைத்திருக்கிறது, அதை உரித்துவிட்டால் நார் கலந்த சேறு பக்கத்து வீட்டுத் துணிக்கொடி வரைக்கும் தெறிக்கும், காய்ந்ததும் தூசியாகப் பறக்கும். வட கேப் மாகாணத்தில் பிரிஸ்கா, குருமான் பக்கம் நீல ஆஸ்பெஸ்டாஸ் தோண்டிய கதை உனக்குத் தெரியாதா? சுரங்கத்தில் கால் வைக்காமல் அந்த வட்டாரத்தில் சும்மா குடியிருந்தவர்களுக்கும் மீசோதீலியோமா, அதாவது அந்த நார் மூச்சில் போய் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய், வந்ததை மருத்துவர்கள் 1960இலேயே எழுதிவிட்டார்கள். அரசு தடை போட்டது 2008இல்! ஆளை வைத்து மொத்தத்தையும் எடுத்துவிடு.

பழைய கொத்தனார்: வாஷர் கூடாது, சரி. மீதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுரங்கத் தூசியும் சிமென்டில் இறுகிக் கிடக்கிற ஷீட்டும் ஒன்றா? அதில் நார் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். நல்ல ஷீட்டைக் கழற்றும்போதுதான் உடைந்து தூசி கிளம்பும். ஒழுகுவதும் பாதிக்கு மேல் ஷீட்டினால் இல்லை, போல்ட் தலைக்கு அடியில் வெயிலில் காய்ந்து வெடித்த வளையத்தாலும், ஷீட்டு ஷீட்டோடு சேருகிற இடத்தாலும்தான். தம்பி, முதலில் உள்ளே நின்று டார்ச் அடித்துக் கறையைப் பார்.

ஃபீனிக்ஸ்வாசி: இதுக்கு எதுக்கு இவ்வளவு சண்டை, மேலேயே தகர ஷீட்டைப் போட்டு ஸ்க்ரூ அடித்தால் முடிந்தது.

பழைய கொத்தனார்: அந்த ஸ்க்ரூவுக்கு ஓட்டை எதில் போடுவீர்கள்? ஆஸ்பெஸ்டாஸில்தானே. ட்ரில், கிரைண்டர், கம்பி பிரஷ், மூன்றுக்கும் அங்கே வேலையில்லை.

மேரிபேங்க் அக்கா: எங்கப்பா ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஆலையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்துத்தான் மூச்சு வாங்க ஆரம்பித்தது, இந்த நோய்கள் தலைகாட்ட 20, 30, 40 வருஷம்கூட ஆகும். அதனால் 'இறுகிக் கிடக்கிறது' என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும், கொத்தனாரே மன்னிக்கவும். இன்னும் ஐந்து வருஷத்தில் அதே ஷீட் பொடியாக ஆரம்பித்தால்?

பழைய கொத்தனார்: அப்பா விஷயம் கேட்டு வருத்தமாக இருக்கிறது, அக்கா. பொடிய ஆரம்பித்தால் நானும் எடுக்கத்தான் சொல்வேன். ஆனால் அதைப் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்தான் எடுக்க வேண்டும், ஆஸ்பெஸ்டாஸ் அகற்றுவது பற்றிய 2020 அரசு விதிகள் வந்த பிறகு கண்ட ஆளைக் கூப்பிட்டு பக்கி வண்டியில் (பிக்கப்) ஏற்றிப் புதர்ப்பக்கம் கொட்டுகிற வேலையெல்லாம் கூடாது.

சாட்ஸ்வொர்த் பையன்: டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு போல்ட் சுற்றிக் கறை, ஓரத்தில் ஒரு முடி விரிசல். ஷீட் விரலில் பொடியவில்லை.

பழைய கொத்தனார்: விரலால் தேய்த்தாயா! இனி கண்ணால் மட்டும் பார். காற்றில்லாத நாளில் அந்த இடத்தை மட்டும், சொட்டு சோப்புப் போட்ட தண்ணீரைத் தெளித்து ஈரத்துணியால் துடை. காய்ந்ததும் போல்ட் தலைக்கு மேல் சீலன்ட், விரிசலுக்குப் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் டேப்). போல்ட்டைத் திருகிக் கழற்றப் போகாதே, சுற்றிலும் வெடிக்கும். நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 மாஸ்க் போடு, தாடி இருந்தால் மழித்துவிடு, இல்லாவிட்டால் மாஸ்க் முகத்தில் ஒட்டாது. துணியை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வை, வீட்டுக் குப்பையில் போடாதே. கூரை மேல் கால் வைக்காதே, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சொல்லாமல் உடையும், கீழே கான்கிரீட் தரை.

மேரிபேங்க் அக்கா: அந்தக் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கிறீர்களா?

சாட்ஸ்வொர்த் பையன்: அம்மா செடிக்குப் பிடிப்பார். வேலை முடிகிறவரை குழாயைக் கழற்றி வைக்கிறேன். வாஷர் கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மாமாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை.