நீச்சல் குளப் பம்ப் அடிக்கடி ட்ரிப் ஆகிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எங்கள் குளத்துப் பம்ப் சில வாரங்கள் படுத்தி எடுத்துவிட்டது. 1.5 ஹெச்பி மோட்டார். சுவிட்ச் போட்டதும் நன்றாகத்தான் ஓடும். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் நின்றிருக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் சொன்ன வைத்தியம் ஒன்றே: "16 ஆம்பியர் பிரேக்கரைத் தூக்கிட்டு 25 போடுங்க." நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிரேக்கர் முதலில் காப்பாற்றுவது ஒயரை. பழைய ஒயரிலேயே பெரிய பிரேக்கர் போட்டால் அடுத்து வேகப்போவது அந்த ஒயர்தான்.

அதைவிட முக்கியம், விழுந்தது எது என்று யாரும் பார்க்கவே இல்லை. போர்டில் எம்சிபி (லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ விழும் பிரேக்கர்) அப்படியே மேலே நின்றது. இறங்கியிருந்தது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் விழுகிற சுவிட்ச். அப்படியென்றால் லோடு பிரச்சினை இல்லை. எங்கேயோ கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது. சரியாகும்வரை ஆர்சிசிபி இல்லாமல் நேராகக் கொடுத்து ஓட்டலாமே என்று வீட்டில் ஒரு யோசனை வந்தது. ஆள் இறங்குகிற தண்ணீர், பேச்சுக்கே இடமில்லை என்றுவிட்டேன்.

எலக்ட்ரீஷியன் மெயினை ஆஃப் செய்து, கெப்பாசிட்டரை (மோட்டார் சுற்றத் தொடங்க உதவுவது) டிஸ்சார்ஜ் பண்ணி, மோட்டார் ஒயரைக் கழற்றி முனைகளுக்கு டேப் சுற்றிவிட்டு லைனைப் போட்டார். ராத்திரி முழுக்க விழவில்லை. கேபிள் தப்பித்தது. மல்டிமீட்டரை வைண்டிங்குக்கும் (மோட்டாரின் கம்பிச் சுருள்) பாடிக்கும் வைத்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே காட்டியது. இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் வைத்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது: 1 மெகா ஓமுக்கும் கீழே. ஆறியிருக்கும்போதே அந்த நிலை, ஓடிச் சூடானால் இன்னும் இறங்கும். அந்த அரை மணி நேரக் கணக்கு அப்போதுதான் புரிந்தது.

இத்தனைக்கும் மூலகாரணம், பம்பின் தண்ணீர் ஷாஃப்ட் வழியே மோட்டார் பக்கம் போகாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல். பம்பும் மோட்டாரும் சேரும் இடத்தில், அடியில், உப்புப் பூத்து வெள்ளையாக ஒரு கோடு. அதன் ஓரத்தில் துருக்கறை. சீல் தேய்ந்து, ஷாஃப்ட் வழியே சொட்டுச் சொட்டாகப் போன தண்ணீர் முன் பேரிங்கைத் தாண்டி வைண்டிங்கைத் தொட்டுவிட்டது. பேரிங்கும் கொஞ்ச நாளாகவே கீச்சிட்டுக்கொண்டுதான் இருந்தது. வைண்டிங்கைக் காயவைத்து வார்னிஷ் அடித்து, பேரிங், சீல் இரண்டையும் புதிதாகப் போட்டோம். சீலை விட்டுவிட்டு வைண்டிங்கை மட்டும் பார்த்துக் கொடுக்கிறவர்கள் உண்டு, கேட்டுச் செய்யுங்கள்.

*

எங்களுக்கு நேர்மாறு சார். விழுறது எம்சிபி, அதுவும் போட்ட கொஞ்ச நொடியில. மோட்டார் ஒரு உறுமல் உறுமும், சுத்தாது. மெயினை ஆஃப் பண்ணிட்டு பின்பக்க ஃபேனைக் கையால சுத்திப் பார்த்தேன், லேசா சுத்துச்சு. ஜாம் இல்லைன்னா கெப்பாசிட்டர்தானே. கழட்டினா மண்டை உப்பியிருக்கு, மைக்ரோ ஃபாரட் எழுதியிருந்ததுல பாதிகூட வரலை. மாத்தினதோட சரி.

*

என்னோடது வினோதமான கேஸ். பம்போட எம்சிபியை ஆஃப்ல வச்சாலும் ஆர்சிசிபி விழும், வீட்ல வேற ஏதாவது பெரிய லோடு போட்டா! சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் மோட்டார்வரைக்கும் போய்க்கிட்டேதான் இருக்கும். டெர்மினல் பாக்ஸ்ல மழைத்தண்ணி இறங்கி, நியூட்ரலுக்கும் பாடிக்கும் தொடர்பு உண்டாயிடுச்சு. வேற லோடு ஓடும்போது அதோட நியூட்ரல் கரண்ட்ல கொஞ்சம் அந்த வழியா எர்த்துக்குப் போயிடும். மூடியோட ரப்பர் கேஸ்கெட் இத்துப்போயிருந்தது. உள்ளே எறும்பு வேற குடித்தனம்.

*

ஃபில்டர் அடைச்சிருந்தா லோடு ஏறி ட்ரிப் ஆகும்னு சொல்றாங்களே அண்ணா, நிஜமா?

*

இல்லை தம்பி. இது சென்ட்ரிஃபியூகல் பம்ப்; தண்ணீர் ஓட்டம் குறைந்தால் ஆம்பியரும் குறையும். கிளாம்ப் மீட்டரை மாட்டிக்கொண்டு டெலிவரி வால்வை மெதுவாக மூடிப் பாருங்கள், கண்ணெதிரே இறங்கும். ரொம்ப நேரம் மூடி வைக்காதீர்கள், உள்ளே தண்ணீர் சூடேறி சீல் போய்விடும். ஓடும் ஆம்பியர் நேம் பிளேட்டில் உள்ளதைத் தாண்டினால் பேரிங், வோல்டேஜ், கெப்பாசிட்டர் என்று தேடலாம். பிரேக்கர் மேலேயே இருக்க, மோட்டார் மட்டும் நின்று, ஆறியதும் தானாக ஓடுகிறதா? அது மோட்டாருக்குள் இருக்கும் தெர்மல் ப்ரொடெக்டர். ஃபேன் மூடியில் சருகு அடைத்திருக்கிறதா பாருங்கள்.

*

அட, எங்களுது அச்சு அசல் அதேதான் அண்ணா. நாளைக்கே மூடியைக் கழட்டிப் பார்த்துட்டு சொல்றேன்.