செங்டுவில் டாட்டூ கடை: வீட்டிலேயே தொடங்கலாமா?

மூங்கில்காடு:
நான் மதுரைக்காரன், சீனாவின் செங்டு நகரில் மென்பொருள் வேலை. மனைவி இந்த ஊர்க்காரி. வேறொருவர் கடையில் நான்கு வருடம் டாட்டூ குத்தியவள். மூங்கில் இலையை அவள் குத்தினால் காற்றில் ஆடுவது போலவே இருக்கும். சொந்தமாக ஒரு கடை வேண்டும் என்பது அவள் ஆசை. அடுக்ககத்தில் எங்கள் வீட்டு அறையிலேயே தொடங்கலாமா? என் பெயரில் பதியலாமா?

குவாங்சோ அண்ணன்:
தம்பி, மனைவி பெயரில் பதியுங்கள். ‘கெத்திஹூ’ என்ற தனிநபர் கடைப் பதிவு வெளிநாட்டவருக்குக் கிடைக்காது. உங்கள் வேலை அனுமதி உங்கள் நிறுவனத்தோடு சரி. கடையில் உட்கார்ந்து வேலை பார்க்காதீர்கள். வீட்டைக் கடையாக்க, பாதிக்கப்படும் அக்கம்பக்கத்து உரிமையாளர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்கிறது குடிமைச் சட்டம். நான் வீட்டில் சிறு தொழில் தொடங்கியபோது மேல்மாடிப் பாட்டி ஒருவர் மறுத்தார், அதோடு நின்றது. தெருவோரமாகச் சின்ன இடம் பாருங்கள்.

ஊசிமுனை:
இன்னொன்று. 2022 ஜூன் முதல் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டாட்டூ குத்தவே கூடாது. உரிமத்திலேயே ‘சிறார் நீங்கலாக’ என்று குறிப்பார்கள். கடையில் கண்ணில் படும்படி அறிவிப்பும் வைக்க வேண்டும். வயதில் சந்தேகமா, அடையாள அட்டையைக் கேளுங்கள். ஊசியை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும். மஞ்சள் காமாலைக் கிருமி ரத்தத்தில் பரவும், இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

மூங்கில்காடு:
நன்றி அண்ணா. சனிக்கிழமை இடம் பார்க்கப் போகிறோம்.